உரிமம் நின்றது, வேலை நிற்கவில்லை

மதுரை சிம்மக்கல்லில் தீபாவளிக்கு வெடி வாங்குகிறவர் விலையைப் பார்ப்பார், திரியைப் பார்ப்பார். ஆலையின் ஆய்வறிக்கையை யார் பார்ப்பது?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் மாண்டார்கள். அதிகாரிகள் குறை காணாமல் இல்லை. விதிமீறல்களை எழுதி, உரிமத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். காகிதத்தில் ஆலை மூடித்தான் கிடந்தது. உள்ளே தீபாவளி ஆர்டர் ஓடியது. கொட்டகைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கெல்லாம் விதியில் அளவு உண்டு. உத்தரவு போட்டபின் கதவில் பூட்டுத் தொங்குகிறதா என்று பார்ப்பது மட்டும் யார் வேலை? வெடிபொருள் துறை வருவாய்த் துறையைப் பார்க்கும்; வருவாய்த் துறை காவல்துறையைப் பார்க்கும். தீக்காயத்தோடு வந்தவர்களை மதுரைப் பெரியாஸ்பத்திரிதான் பார்த்தது.