மே முதலாம் திகதி பிறந்த தோட்டம்

எங்கள் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலருக்கு மாத்தளை வரலாறும் பழைய குடும்பங்களின் பட்டியலும் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வரலாறு தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் கொம்பியூட்டர் என் வீட்டில்தான் இருந்தது.

எக்செலில் திகதிக்கென்று ஒதுக்கிய நிரலில் மாத்தளைக் கிளர்ச்சிக்கு நேரே 1848 என்று தட்டினால் 21.01.1905 என்று வருகிறது. 1900 ஜனவரி 1ஐ முதலாம் நாளாக வைத்து எண்ணும் எக்செலுக்கு, 1848 என்பது வருடமல்ல, 1848ஆவது நாள். மாத்தளைக்கு ரயில் வந்த 1880, 22.02.1905 ஆகிவிட்டது. நம் ரயில் தாமதமாவது ஊரறிந்த சங்கதிதான். அதற்காக 24 வருடமா?

சரியென்று, கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்ற நாளை 08.08.1848 என்று முழுதாகவே போட்டேன். 1900க்கு முன்னால் உலகமே இல்லை என்பது எக்செலின் சித்தாந்தம். அந்தத் திகதியை வெறும் எழுத்தாகக் கருதி, வரிசைப்படுத்தும்போது 1996இல் பிறந்த பிள்ளைகளுக்கும் கீழே தள்ளிவிட்டது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் திரிபிடகத்தை ஏட்டில் எழுதிய பிக்குகளின் கதியைக் கேட்கவே வேண்டாம். இவ்வளவு கறாரான எக்செல், வராத ஒரு நாளை மட்டும் வந்ததாகச் சாதிக்கும்: 1900 பெப்ரவரி 29. 1900 லீப் வருடமே இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று எக்செலும் வைத்துக்கொண்டது. பிறந்த நாளைச் சுமக்கும் நம் அடையாள அட்டை இலக்கமும் லேசுப்பட்டதல்ல. எந்த வருடத்தில் பிறந்தவருக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணும்.

கூத்தெல்லாம் குடும்பப் பட்டியலில்தான். லயத்துப் பாட்டி ஒருவரிடம் பிறந்த திகதி கேட்டேன்.

"தாது வருசம் தம்பி, ஆடி மாசம். நல்ல மழ."

தாது என்றால் 1876, 1936, 1996. பாட்டி எதிரே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்ததால் 1936 என்று துணிந்தேன்.

"ஒங்க தாத்தா எப்ப வந்தாரு?"

"அதுவும் தாதுதான். பஞ்சத்துல மன்னார்லருந்து காட்டு வழியா நடந்து வந்தாங்க."

மாதமும் வருடமும் மட்டும் சொன்னவர்களை எக்செல் விசாரணையின்றி முதலாம் திகதியில் பிறக்க வைத்தது. மே மாதத்துக்காரர்கள் எல்லோருக்கும் தொழிலாளர் தினத்தில் பிறந்தநாள். தொழிற்சங்கத் தலைவருக்குப் பரம திருப்தி. "அப்படியே விட்டுருங்க சேர்" என்றார்.

விடவில்லை. வருடம், மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனி நிரல் போட்டு வெறும் எண்களாக எழுதினேன். தெரியாத இடம் காலி. பக்கத்தில் 'சொன்னபடி' என்று இன்னொரு நிரல். "தாது, ஆடி, நல்ல மழ" அதில் அப்படியே இருக்கிறது. காலிக் கட்டங்கள் பார்வைக்கு அழகாக இல்லை, எல்லாவற்றிலும் ஜனவரி 1 போடலாம் என்று மலர்க்குழு வற்புறுத்துகிறது. நான் சம்மதிக்கப் போவதில்லை.

இந்தத் தோட்டத்தோடு தொடர்புள்ள குடும்பத்தார் எங்கிருந்தாலும் உங்கள் விவரங்களை அனுப்புங்கள். "பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருசம்" என்றாலும் போதும். தயவுசெய்து கடதாசியில் எழுதி அனுப்புங்கள்.