சிட்டையோட வாரவன் எனக்கு எதிரி

ஏலே ஐயா, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. போனை அணைக்க வேண்டாம், அதைத்தான் பாக்கணும். மாசம் பலசரக்கு, பால், காய்கறி, மீனு எல்லாஞ் சேத்து 21,000 ரூபாய்ங்க. வீட்டுல நாலு உருப்படி. அதுல ரெண்டுக்கு இன்னும் பால்பல்லே விழல. பச்சையில ஒரு வட்டம், செவப்புல ஒரு வட்டம்னு செலவுக் கணக்கு ஆப்புல நல்லாத்தான் போட்டிருக்கான், கோலப்பொடி கொட்டுன மாதிரி. ஆனா செலவு கொறைய வழி அந்த வட்டத்துல இல்லைங்க. சரி, நாஞ் சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணு நெனப்புல வச்சுக்கோ. நான் 41 வருசம் பலசரக்குக் கடை வச்சிருந்தவன். நீ திருடங்கிட்ட பூட்டுக்கு யோசனை கேக்க வந்திருக்க. சரியான ஆளுகிட்டதான் வந்திருக்க.

ஒண்ணாந்தேதி ஆனா ஒரு வாத்தியார் வீட்டம்மா கடைக்கு வருவாக. கையில மஞ்சப்பை, பைக்குள்ள சிட்டை. துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ஒண்ணரை, மொளகா வத்தல் அரைக் கிலோ, புளி, சீரகம்னு வரிசையா வாசிப்பாக. தராசு முள்ளு நடுவுல நிக்கிற வரைக்கும் கண்ணு அதுலயேதான் இருக்கும். நான் பையப் பேச்சுக் குடுப்பேன். “அம்மா, சாத்தூர்ல இருந்து காராச்சேவு வந்து எறங்கிருக்கு, இன்னும் சூடு ஆறல.” நிமிந்துகூட பாக்க மாட்டாக. “சிட்டையில இல்லையே”ம்பாக. அவ்வளவு சாமான் கட்டிப் போட்டாலும் எனக்குப் பொட்டலத்துக்குச் சுத்துன சணல் காசுதான் மிஞ்சும். அதே வீட்டு வாத்தியார் சாயங்காலம் ஒரு தீப்பெட்டிக்கு வருவாரு. தீப்பெட்டி 50 காசு. போகையில காராச்சேவு கால் கிலோ, புதுசா வந்த சோப்பு ஒண்ணு, பிள்ளைகளுக்குத் தேன்மிட்டாய், எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஊறுகாய் பாட்டில். அவரு தலை தெருமுனையில தெரிஞ்சாலே எனக்கு வயிறு நெறஞ்சிரும். சிட்டையோட வாரவன் எனக்கு எதிரி, சிட்டையில்லாம வாரவன் எனக்குக் குலசாமி. இந்த ஒரு பாடந்தான் எங்கிட்ட இருக்கு, மத்ததெல்லாம் அதுக்குக் கொசுறு.

மிட்டாய் பாட்டில் எங்க இருந்துச்சுன்னு நெனப்பிருக்கா? கல்லாப்பெட்டிக்குக் கீழ, ஒன் அஞ்சு வயசு மூக்கு ஒசரத்துக்கு. இடமில்லாம அங்க வச்சதுன்னா நெனச்ச? பருப்பு மூட்டை உள்ளாற கெடந்துச்சு. பருப்புக்கு வாரவன் எப்படியும் வருவான். அவன் நடந்து போற வழியில என்னத்த வைக்கிறதுங்கிறதுதான் யாவாரம். பட்டணத்துக் கடைக்காரன் ஏசி போட்டு அதையே செய்யுதான். பாலும் பருப்பும் கடைசி மூலையில, சாக்லேட்டு பில்லு போடுத எடத்துல. உருட்டிக்கிட்டுப் போக ஒரு டிராலி வேற குடுக்கான். ஒரு ஆட்டுக்குட்டியைப் படுக்க வைக்கலாம். அதுல ஒரு உப்புப் பாக்கெட்டை மட்டும் போட்டுத் தள்ளிட்டு வர மனுசனுக்கு வெக்கமா இருக்கும்னு அவனுக்குத் தெரியும்லே.

போன பொங்கலுக்கு ஒன் வீட்டுல நடந்தது மறந்து போச்சா? மல்லித்தழை இல்லைன்னு போன்ல ஆர்டர் போட்ட. தழை 15 ரூபாய், கொண்டாந்து குடுக்க 30 ரூபாய். 199-க்கு வாங்குனா கூலி கெடையாதுன்னு ஐஸ்கிரீமும் சிப்ஸும் சேத்துப் போட்ட. கூலி மிச்சம்னு நீயும் ஒன் வீட்டுக்காரியும் சிரிச்சிக்கிட்டீங்க. எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. 30 ரூபாயை மிச்சம் பண்ண 184 ரூபாய் செலவழிக்குத புத்திசாலி எங்கடைக்கு வந்திருந்தா நான் ரெண்டு மாடி கட்டிருப்பேன்.

இது ஒன் வீட்டுல மட்டும் நடக்கிற கூத்து இல்ல. 2022-23-ல மத்திய சர்க்கார் வீடு வீடாப் போயி செலவுக் கணக்கு எடுத்துச்சு, டீக்கடைப் பேப்பர்ல போட்டிருந்தான். நாட்டுல கிராமத்து வீட்டுல 100 ரூபாய் செலவானா, அரிசி கோதுமைன்னு தானியத்துக்குப் போறது அஞ்சு ரூபாய்கூட முழுசா இல்ல. டீ, காபி, கலர், பிஸ்கட்டு, மிக்சர், ஓட்டல் பண்டம்னு அப்படியே வாயில போடுததுக்கு ஒம்பதரை ரூபாய்க்கு மேல. பட்டணத்துல அது பத்தரையைத் தாண்டுது. 1999-2000-ல எடுத்த கணக்குல இதே கிராமத்துல தானியத்துக்கே 22 ரூபாய் போயிருக்கு. வயித்துக்குச் சோறு மலிஞ்சது நல்லதுதான், நான் கொறை சொல்லல. ஆனா நீ இன்னும் அரிசி மூட்டைக்கு 50 ரூபாய் கொறைன்னு கடைக்காரங்கிட்ட மல்லுக்கு நிக்க. அண்டாவுல ஓட்டை அடியில இருக்கு, நீ மூடியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்க.

அதுக்காக விலையே பாக்க வேண்டாங்கல. இப்ப ஒரு நல்ல சட்டம் வந்திருக்கு. பாக்கெட்டுல மொத்த விலையோட, கிராமுக்கு என்ன, மில்லிக்கு என்னன்னும் போடணும். எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டிருப்பான், எங் கண்ணாடியை வேணும்னா கொண்டு போ. பெரிய பாக்கெட்டுன்னா மலிவுன்னு நம்பாத. ஷாம்பு பல நேரம் சின்னப் பாக்கெட்டுலதான் மலிவா இருக்கும். பிஸ்கட்டுக்காரன் அஞ்சு ரூபாயை மாத்த மாட்டான், பாக்கெட்டுக்குள்ள இருக்கிறதைத்தான் மாத்துவான். செக்குல எண்ணெய் வாங்கப் போனா “இந்த வெலை லிட்டருக்கா, கிலோவுக்கா”ன்னு கேளு. ஒரு லிட்டர் எண்ணெயை நிறுத்தா 910 கிராம் வாக்குலதான் வரும். எங்கடைப் பலகையில ரெண்டையும் எழுதி வச்சிருந்தேனான்னு மட்டும் கேக்காத.

ஒன் பிரிட்ஜுக்கு வாரேன். பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சவன் சும்மா தெறந்து பாத்தேன். தூக்கம் வராத கெழவன், எண்ணிட்டேன். தேங்காய் மூடி நாலு. நாலும் நாலு தேங்காய்ல உள்ளது, ஒண்ணு மஞ்சப் பூத்துப் போச்சு. பாதி அறுத்த எலுமிச்சம்பழம் மூணு. ரவை பாக்கெட்டு ரெண்டு, ரெண்டும் வாய் கிழிச்சு ரப்பர் பேண்டு போட்டது. அந்த 199 ரூபாய் மல்லித்தழை கறுத்துத் தண்ணி விட்டுக் கெடந்துச்சு. எல்லாத்துக்கும் அடியில ஒரு எவர்சில்வர் டப்பா, உள்ள புளிக்கொழம்பு. அது எந்தக் காலத்துதுன்னு கீழடியில தோண்டுதவங்க வந்துதான் சொல்லணும்.

ஒன் வீட்டுக்காரி, அந்தப் பிள்ளையை நான் கொறை சொல்லல, அவளும் வேலைக்குப் போயிட்டு வாரா. நீ எத்தனை தடவை அந்தக் கதவைத் தெறந்து, என்ன இருக்குன்னு பாத்து சிட்டை எழுதிருக்க? மூணாவது ரவை பாக்கெட்டு வாங்கிட்டு வந்தது யாரு? நீதாம்லே.

நம்ம பக்கம் கல்யாணம் முடிஞ்ச மறுநாளும் சொந்தக்காரன் ஊருக்குப் போகாம நின்னது எதுக்கு? சுண்டக்கறிக்கு. முந்தின நாள் மிஞ்சுன சாம்பார், அவியல், கூட்டு, பொரியல் எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி, எரிப்பைக் கொறச்சு, தண்ணி வத்திக் கரண்டியில ஒட்டுத வரைக்கும் கிண்டணும். ஓரத்துல லேசா அடிபிடிச்ச வாசம் வரும், அப்ப எறக்கணும். பழைய சோத்தைப் பிழிஞ்சு வச்சு இதைத் தொட்டுக்கிட்டா பந்திப் பாயசமெல்லாம் ஞாபகத்துல நிக்குமா? இப்ப பழைய சோத்தையே மண்சட்டியில ஊத்தி ஓட்டல்ல விக்கான், நீ காசு குடுத்து போட்டோ எடுத்துட்டு வார. வீட்டுல மிஞ்சுன சோத்துல தண்ணி ஊத்த ஒனக்குக் கை வரல. ஒண்ணு மட்டும் பாத்துக்கோ: தேங்காய் அரைச்சு ஊத்துன கொழம்பு இந்த வெயிலுக்கு நிக்காது. அதை அன்னைக்கே தீத்துரணும்.

ரேசன் கார்டு வச்சிருக்கல்லா? எதுக்கு வச்சிருக்க? அட்ரசுக்கு அத்தாட்சி! 2011-ல இருந்து அரிசிக் கார்டுக்கு அரிசி சும்மா குடுக்கான். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சீனி 25. வெளிய துவரம்பருப்பு 100 ரூபாய்க்கு மேல விக்குது. வரிசையில நிக்க வெக்கமா இருக்குங்க. புதுப் படத்துக்கு மொத நாள் நின்னியே, அப்ப அந்த வெக்கத்தை எங்க கழட்டி வச்சிருந்த? அந்தப் பருப்பை மொதல்ல ஊறவச்சு வேகவையி. குறுணை அரிசி உப்புமாவுக்கு முழு அரிசி தோத்துப் போவும். காணப்பயறை வறுத்துத் தொவையல் அரைச்சா ரெண்டு நாளைக்குப் பக்கத்துல வேற கறி வேண்டாம். மீனுக்குப் போனா சீலாவைப் பாத்துட்டு நிக்காத, சாளை மலிஞ்ச நாளுல சாளை வாங்கு. சீலா விருந்தாளிக்கு, சாளை வீட்டாளுக்கு.

2023 ஜூலையில தக்காளி கிலோ 100-ஐத் தாண்டுனப்ப, சென்னையில ரேசன் கடையில வச்சு 60 ரூபாய்க்கு வித்தாக. நீ போன் போட்டு, “தாத்தா, தக்காளி இல்லாம எப்படி ரசம் வைக்கிறது”ன்னு அழுத. ஏலே, புளி எதுக்கு இருக்கு? தக்காளி கப்பல்ல வந்த காய். அது வாரதுக்கு முன்னாடி நம்ம ஆளுக ரசம் குடிக்காமலா செத்தாக? மொளகாயும் கப்பல்ல வந்ததுதான்னு எதுத்துப் பேசுத. சரி, அதுக்கும் மொளகு இருக்கு. மலிஞ்ச நேரத்துல வாங்கிக் காய வைக்கிறதுக்குத்தான் வெயில் இருக்கு. சீனியவரங்காய், சுண்டைக்காய், மிதுக்கங்காய் எல்லாம் வத்தலாப் போட்டு டின்னுல அடைச்சா, ஐப்பசி மழையில காய்க்காரிகிட்ட ஒன் முகத்தைக் காட்ட வேண்டியதில்ல. மாசி, பங்குனியில புதுப்புளி வரும், கொட்டை எடுத்து உப்புப் போட்டு வச்சுக்கோ. அதுக்காக வருசத்துக்கு வேண்டிய பருப்பையும் மொத்தமா வாங்கி ஒன் பிளாட்டுக் கட்டிலுக்கடியில அடுக்கிராத. நான் ஒரு தடவை எடம் பத்தாத வீட்டுல ஒரு மூட்டை பாசிப்பயறு வாங்கிப் போட்டேன். மூணாம் மாசம் வண்டுக்குச் சாப்பாடு, எனக்குச் சாக்கு.

சிக்கனத்துக்கு ஒங்க ஆச்சிதான்னு ஊரே சொல்லும். கொஞ்சக் காசுல ஒம்பது பேருக்கு எப்படிச் சோறு போட்டான்னு நானும் பெருமையடிச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை எட்டு முட்டை வாங்கிட்டு வருவேன். எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு. வீட்டுல ஒம்பது பேரு. அந்த ஒம்பதாவது ஆளு யாருன்னு பல வருசம் எங் கணக்குல வரல. பலசரக்குக் கடைக்காரன், மனக்கணக்குல புலி. எல்லாரும் கை கழுவுன பெறகு சட்டியை வழிச்சிக்கிட்டு இருந்தவளை நான் திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்குச் சிக்கனம்னு பேரு வச்சோம். பிள்ளைக பாலுலயும் முட்டையிலயும், அந்தப் பிள்ள தட்டுலயும் கைவச்சு நீ மிச்சம் புடிச்சேன்னு கேள்விப்பட்டேன், இந்தத் திண்ணைப் பக்கம் வராத. ஒன் சிப்ஸுல மிச்சம் புடி, சாயங்காலம் ரெண்டு டீ, மூணு வடையில மிச்சம் புடி. நொறுக்குத் தீனி இல்லாம முடியாதுன்னா கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கி வையி. கடலையும் வெல்லமும்தான் உள்ள இருக்கு, காத்து இல்ல.

எந்திரிக்காத, இன்னொரு சோலி இருக்கு. அந்தப் பரணுல செவப்பு அட்டை நோட்டு கெடக்கு, தூசியைத் தட்டி எடு. கடன் எழுதுன பத்து நோட்டு. 98-ஆம் வருசம், பங்குனி மாசம், பக்கத்தைப் பொரட்டு. இது யாரு பேரு? ஒங்கப்பன். எம் மகன்தான், அதுக்காகக் கணக்கு மகனாயிருமா? கலர் சோடா ரெண்டு, காராச்சேவு அரைக் கிலோ, சென்ட்டு பாட்டில் ஒண்ணு, சிகரெட்டு மூணு பாக்கெட்டு. சிகரெட்டு ஒங்கம்மைக்குத் தெரியாது, நீயும் வாயத் தெறக்காத. எல்லாம் சிட்டையில்லாம வாங்குனது. மொத்தம் 212 ரூபாய் 50 காசு. கடையை மூடிப் பதினோரு வருசமாச்சு, இன்னும் வரவு எழுதல. வட்டி வேண்டாம். ஜிபே எங்கிட்ட கெடையாது, ரொக்கமா வச்சுட்டுப் போ.