கனகம்மாசத்திரத்து ஸ்ரீகாந்த் சீட்டுகள்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

டிரம்ப் கார்டு சேர்ப்போரை இரு வகையாகப் பிரிக்கலாம். ஜெயிப்பதற்காகச் சேர்ப்பவர் ஒரு வகை. கிரிக்கெட் வீரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்துக்காகச் சேர்ப்பவர் மறு வகை. சென்னை–திருப்பதி சாலையில் பஸ்ஸுக்கு நின்றபடியே சீட்டு மாற்றிக்கொள்ளும் கனகம்மாசத்திரத்துப் பையன்களை இரண்டாம் வகையில் வைப்பதே முறை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

முதலில் வரலாற்றுப் பின்னணி. ஸ்ரீகாந்த் சென்னையில் பிறந்தது 1959 டிசம்பர் 21. பக்கத்துத் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது 1960 ஏப்ரல் 1. இரண்டுக்கும் தொடர்பு இல்லையென்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை.

அடுத்து மூல ஆவணம், அதாவது சீட்டு. சீட்டிலுள்ள ஏதேனும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். எதிராளியின் கணக்கு உசத்தி என்றால் நம் சீட்டு அவனுக்கு. ஸ்ரீகாந்தின் சராசரி ஒருநாள் ஆட்டங்களில் 29.01, டெஸ்டில் 29.88. இதை வாய்விட்டுச் சொன்னவன் தலைவரை அன்றே பறிகொடுத்தான். அதிகபட்ச ரன் இரண்டிலும் 123. அச்சுப்பிழை என்று சண்டைக்கு வருவார்கள், பிழையில்லை. ஒன்று 1987-ல் கொல்கத்தாவில், மற்றது அதே ஆண்டு சென்னையில். 1983 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு அணியிலும் அதிக ரன் அவருடைய 38தான். அதைப் போடச் சீட்டில் இடமில்லை.

பிறகு சீட்டின் அருமை. அமெரிக்காவில் ஹோனஸ் வாக்னர் என்ற அந்தக்காலப் பேஸ்பால் வீரரின் சிகரெட் பெட்டிச் சீட்டு 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அவரே ஆட்சேபித்து அச்சை நிறுத்தியதால் வந்த அருமை அது. நம்மூரில் சீட்டு அருகியதற்கு, டவுசர் பையைப் பார்க்காமல் துவைத்த அம்மாக்களே பொறுப்பு.

இனி ஆய்வின் உயிர்நிலை. 1988 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் நியூஸிலாந்தின் 5 விக்கெட்டுகளை 27 ரன்னுக்குச் சாய்த்தார் ஸ்ரீகாந்த். அதே தொடரில் இந்தூரிலும் 5. கபில்தேவ் ஒருநாள் ஆட்டத்தில் 5 விக்கெட் எடுத்தது ஒரே தடவை; அதற்கு 43 ரன் கொடுத்தார். ஆக, 'பெஸ்ட் பவுலிங்' என்று கேட்டால் கபில்தேவே ஸ்ரீகாந்தின் கைக்கு வந்துவிடுவார். பேட்ஸ்மேனின் சீட்டில் பவுலிங்கைக் கேட்பதா என்று முறைப்பார்கள். விதியில் தடையில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இம்ரான் கானின் கணக்கு 14-க்கு 6. எதிராளியின் கையில் அவர் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி எழுந்துவிடவும்.