சம்ப் கோட்பாடு: சோழிங்கநல்லூர் வட்டாரத்தில் குடும்பத்தோடு வீடு தேடுதல் குறித்த ஓர் ஆய்வு

சென்னைக்கு வேலை மாறி வந்த ஒருவர், சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு எட்டும் தூரத்தில், மனைவி மக்களோடும் பெற்ற தாயோடும் குடியிருக்க, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வீடு தேடுகிறார். இதில் பொருளாதாரம் உண்டு, புவியியல் உண்டு, வாஸ்துவும் உண்டு என்பது முன்னோர் கொள்கை. அவை மூன்றும் உபரி என்பது இக்கட்டுரையின் துணிபு. பழைய மகாபலிபுரம் சாலையின் வாடகைச் சந்தையை ஆட்டுவிப்பது தரைக்குக் கீழே கிடக்கும் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப். வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் கடைசியில் அதற்குள்தான் போய் விழுகிறது.

கள ஆய்வில் முதலில் எதிர்ப்படுவது பலகை. ‘வீடு வாடகைக்கு, ஃபேமிலி ஒன்லி’ என்று எழுதி கேட்டில் கம்பியால் கட்டியிருக்கும். போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் மழையில் அழிந்திருந்தால் போட்டவர் வீட்டுக்காரர். பளிச்சென்று அச்சடித்திருந்தால் புரோக்கர், அவருக்கு ஒரு மாத வாடகை தனி. போனில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒன்றே:

“எத்தனை பேர் சார்?”

“நான், வைஃப், ரெண்டு பசங்க, அம்மா.”

“அஞ்சு பேரா...”

இந்த ‘அஞ்சு பேரா’வுக்குப் பின் வரும் மௌனம் ஆராயத்தக்கது. அதில் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தப் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது; போர் தண்ணீர் உப்பு; கோடையில் லாரிதான் கதி. லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறையா, நாலு நாளைக்கு ஒருமுறையா என்பதைக் குடியிருப்பவர் தலைகள் முடிவு செய்கின்றன. ஆக, பேச்சிலருக்கு வீடு கிடையாது. குடும்பமாகப் போனால் ஆள் அதிகம். கோட்பாட்டின்படி உத்தமக் குடித்தனம் என்பது, காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி இரவு ஒன்பதுக்கு இறங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊருக்குக் கிளம்பிவிடும் புருஷன் பெண்டாட்டி இருவர். இவர்களுக்கு வீடு எதற்கு என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மற்றக் கேள்விகளெல்லாம் இதிலிருந்து பிறந்தவை. “விருந்தாளிங்க அடிக்கடி வருவாங்களா?” என்பதும் சம்ப்தான், “துணி தினம் துவைப்பீங்களா?” என்பதும் சம்ப்தான். “அம்மா உங்க கூடவேதான் இருப்பாங்களா?” என்பதை நலம் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு, “நல்லா இருக்காங்க சார், சுகர் மட்டும் கொஞ்சம்” என்று மனம் நெகிழ்ந்து பதில் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த வீடு கிடைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் அம்மாவை ‘வந்து போவாங்க’ என்ற பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். குடிபோன பிறகு அம்மா வருகிறார். அந்தச் சொற்றொடரின் பிற்பாதி நடைமுறைக்கு வருவதில்லை.

இனி, தூரம். “ஆபீஸுக்கு எதிர்ப்பக்கமே சார், அஞ்சு நிமிஷம்” என்பார் புரோக்கர். இந்தச் சாலையில் எதிர்ப்பக்கம் என்பது தனி ஊர். கண்ணெதிரே தெரியும் கட்டடத்துக்குப் போக யூ-டர்ன் தேடி எங்கோ போய்த் திரும்பிவர வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோவுக்கு இங்கே தூண் எழுப்பத் தொடங்கியது முதல், நேற்றுத் திரும்பிய இடத்தில் இன்று தகரத் தடுப்பு. அந்த மெட்ரோவும் தண்டவாளத்தில் ஓடுவதற்கு முன்பே வாடகையில் ஓடத் தொடங்கிவிட்டது.

வாடகை கட்டுப்படாதவர்கள் மேற்கே நகர்ந்து பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று போகிறார்கள். அங்கே கோட்பாடு தலைகீழாகிறது. கோடையில் காசு கொடுத்து வரவழைத்த தண்ணீர், கார்த்திகையில் அழைக்காமலே வந்து கூடத்தில் உட்காரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அதைப் பார்த்த பால்கனிக்கு ‘லேக் வியூ’ என்று பெயர். “2015-லயே இங்க தண்ணி வரல சார்” என்று எல்லா வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் படகு ஓடியதை நாடே பார்த்தது. ஆனால் வாடகைக்கு விடும் வீடு எதிலும் தண்ணீர் ஏறியதாகச் சான்று கிடைக்கவில்லை. காட்சி, அனுமானம், உரை என்று தருக்க நூலார் சொன்ன அளவைகள் இங்கே கைகொடுக்கும். காம்பவுண்டுச் சுவரில் புதுப் பெயின்டையும் மீறித் தெரியும் பழுப்புக் கோடு காட்சி. மோட்டாரை இடுப்பு உயரத் திண்டில் ஏற்றி வைத்திருப்பதிலிருந்து பெறுவது அனுமானம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சொல்வது உரை. மூன்றும் முரண்பட்டால் இஸ்திரிக்காரரை நம்புக.

முன்பணம் பற்றிச் சட்ட வரலாறு தெளிவாகவே இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. அதை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ம் ஆண்டுச் சட்டம், மூன்று மாதத்தை வரம்பாகச் சொல்கிறது. சென்னைத் தெரு வழக்கமோ பத்து மாதம். சட்டம் 57 ஆண்டில் இரண்டு மாதம் முன்னேறியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் வழக்கத்தை எட்டிப்பிடிக்க இன்னும் ஏறக்குறைய 200 ஆண்டு ஆகும். அதுவரை, 18,000 ரூபாய் வாடகைக்கு 1,80,000 எடுத்து வைக்க வேண்டியதுதான். காலி செய்யும்போது அதில் பெயின்டிங்குக்கு ஒரு மாதம் கழியும், அந்தச் சுவரில் ஆணியே அடிக்கவில்லை என்றாலும். கரண்ட்டும் இப்படித்தான். 2016-ல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாக்கியது. மாடிப்படிக்குக் கீழே சப்-மீட்டர் வைத்த வீட்டுக்காரர் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வசூலிக்கிறார். அரசின் கொடை பாதி வழியில் இறங்கிக்கொள்கிறது.

சம்ப் கோட்பாட்டால் விளக்க முடியாத கேள்விகளும் உண்டு என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். “நான்-வெஜ் சமைப்பீங்களா?” என்பது முதலாவது. கறிக்குழம்புக்குக் கூடுதலாகத் தண்ணீர் செலவாவதில்லை. “சொந்த ஊர் எது?” என்பது அடுத்தது. திருநெல்வேலி என்றால், “திருநெல்வேலியில எங்க?” ஊர்ப் பெயர் சொன்னால், “அங்க எந்தத் தெரு?” தெருவும் சிக்காவிட்டால், “குலதெய்வம் எது?” நானூறு மைல் தள்ளி இருக்கும் ஒரு தெருவின் பெயர் பெரும்பாக்கத்து இரண்டாம் மாடிக்கு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, எதற்கென்று இருவருக்கும் தெரியும். பதில் ஒத்துவராவிட்டால் “என் மச்சினன் பையன் வர்றதாச் சொல்றான், பார்த்துச் சொல்றேன்” என்ற வாக்கியம் வரும். இந்த நகரில் இதுவரை யாரும் கண்ணால் கண்டிராத அந்த மச்சினன் பையனுக்குத்தான் எத்தனை வீடு! இந்த இடத்தில் ஆய்வாளருக்கு நகைச்சுவை வற்றிவிடுகிறது. மேலே செல்வோம்.

காலமும் ஒரு காரணி. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் வீடு காலியாகக் கிடக்கும், பேரம் படியும். அப்படிப் படிந்த வீட்டுக்கு, ஆவணியோ தையோ பிறக்கும்வரை மேன்ஷனில் ஒரு வாடகையும் பூட்டிய வீட்டுக்கு ஒரு வாடகையும் கொடுப்பது மரபு.

இறுதிக் கட்டம் அக்ரிமென்ட். பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்குத் தப்ப யாரோ கண்டுபிடித்த பதினொன்று இது. எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் காலம் எவ்வளவானாலும் பதிய வேண்டும் என்று முன்சொன்ன 2017-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் அது மாறவில்லை. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பழைய அக்ரிமென்டைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுப்பார்கள். ஆறாவது ஷரத்தில், போன குடித்தனக்காரரின் பைக் நம்பர் அப்படியே நிற்கும். இது நம்ம வண்டி இல்லையே என்று சுட்டிக்காட்டினால், வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை பார்ப்பார்.

“அதனால என்ன சார், கையெழுத்துப் போடுங்க. அம்மா எப்ப ஊருக்குப் போறாங்க?”