தங்கத்தைக் காக்க வைத்தவர்

கேள்வி: ‘ஊர்’ என்ற பண்டைய நகரத்து அரச கல்லறைகளைத் தோண்டிய லெனார்ட் வூலி புதையல் வேட்டைக்காரரா, ஆராய்ச்சியாளரா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கத்தைக் கண்டால் யாருக்கும் கை பரபரக்கும். வூலி கையைக் கட்டிக்கொண்டார்! 1922-ல் தெற்கு இராக்கில் வெட்டிய முதல் அகழியிலேயே பொன்மணிகள் தலைகாட்டின. வேலையாட்களுக்குப் பயிற்சி போதாது என்று அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார். மறுபடி தொட்டது 1926-ல்தான். கிடைத்தவை ஏறத்தாழ 1,800 கல்லறைகள். அவற்றில் 16 அரச கல்லறைகள். வயது சுமார் 4,500 ஆண்டுகள்.

பொறுமைக்குக் கிடைத்த பரிசு, யாழ்! மரம் மக்கி, மண்ணில் வெறும் துளைகளே மிச்சம். அவற்றுக்குள் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினார். யாழின் வடிவம் எழுந்து வந்தது. அவசரக்காரர் மண்வெட்டியை வீசியிருந்தால் துளையும் போயிருக்கும், யாழும் போயிருக்கும்.

அரச கல்லறை ஒன்றின் ஒரே குழியில் 74 பேரின் எலும்புகள். 68 பேர் பெண்கள். ஒருத்தியின் இடுப்பருகே வெள்ளித் தலைநாடா சுருட்டியபடியே கிடந்தது. அரச அடக்கச் சடங்குக்குத் தாமதமாகி, சூட நேரமில்லாமல் ஓடி வந்திருப்பாள் என்று வூலி எண்ணினார். எல்லோரும் விஷம் குடித்து அமைதியாக மாண்டார்கள் என்பதும் அவர் கணிப்பு. பின்னாளில் அரச கல்லறைகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் செய்தபோது, தலையில் பலமாக அடிபட்ட தடயம் தெரிந்தது.

அந்தக் கணிப்பையே சோதிக்க முடிந்தது, எலும்பையும் அவர் பத்திரப்படுத்தியதால்தான். புதையல் வேட்டைக்காரர் பொன்னை மட்டும் எடுப்பார். வூலி ஆராய்ச்சியாளரேதான்!