டிப்ஸ் சித்தாந்தி

வெளிநாட்டுப் பயணங்களில் தென்படும் டிப்ஸ் சித்தாந்தியைக் கஞ்சர் என்னும் வகைக்குள் அடக்குவது பிழையான ஆய்வாகும். கஞ்சருக்குக் கூச்சம் உண்டு. பில் வரும் வேளையில் அவர் கைகழுவப் போய்விடுவார், அல்லது மற்றவர் முந்திக்கொள்ளும் வரை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருப்பார். சித்தாந்தியிடம் அத்தகைய பலவீனம் எதுவும் கிடையாது. அவர் பில்லை ஆவலோடு வாங்குகிறார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசி வெளிச்சத்தில் வரிவரியாகப் படிக்கிறார், சர்வர் பக்கத்தில் நிற்கும்போதே உரத்த குரலில் தம் கோட்பாட்டை விரித்துரைக்கிறார். அந்த உரை எந்தக் கண்டத்தில் நிகழ்த்தப்பட்டாலும், எத்தனை சான்றுகளைத் தாங்கி வந்தாலும், இறுதியில் கிடைக்கும் விடை பூச்சியமாகவே இருக்கிறது.

அவருடைய ஆய்வு முறையின் உயிர்நிலை, தாம் நிற்கும் நாட்டின் வழக்கத்தைப் பொருட்படுத்தாமல் வேறொரு நாட்டின் வழக்கத்தைச் சான்றாக எடுத்துவைப்பதாகும். சிங்கப்பூர் உணவகங்களின் விலைப்பட்டியலின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு கூட்டல் குறிகள், விலையின்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்து வரும் தொகையின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு என்பதைக் குறிப்பவை. சேவைக் கட்டணம் பில்லிலேயே வந்துவிடுவதால் அதற்குமேல் டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை, எவரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. சித்தாந்திக்கு இங்கே வேலையில்லை என்றுதான் உடன் வந்தவர்கள் நம்பியிருப்பார்கள். அவரோ, இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்பதையும், அந்நெறிகள் செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்ததையும், தில்லியிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறி பரிமாறிய பெண்ணிடம் எடுத்துரைக்கத் தொடங்குகிறார். அந்தப் பெண் தலையாட்டிக் கேட்கிறார். மேலாளர் வந்து கேட்கிறார். பின்னால் இடத்துக்காக நிற்கும் குடும்பமும், வேறு வழியின்றி, கேட்கிறது.

அந்தப் பத்து விழுக்காட்டை ஊழியருக்கே முழுவதும் கொடுத்தாக வேண்டும் என்னும் கட்டாயம் சிங்கப்பூர்ச் சட்டத்தில் இல்லை என்று மேலாளர் சொன்னதை அவர் மறப்பதில்லை. அதைப் பத்திரமாக இலண்டனுக்குக் கொண்டுபோகிறார். இலண்டன் உணவகங்களில் பெரும்பாலும் 12.5 விழுக்காடு சேர்க்கப்பட்டிருக்கும். விருப்பமில்லாதவர் நீக்கச் சொல்லலாம் என்னும் குறிப்பும் அதனருகிலேயே இருக்கும். டிப்ஸ் பணத்தில் முதலாளி ஒரு காசும் பிடித்துக்கொள்ளாமல் ஊழியர்களுக்கு நியாயமாகப் பங்கிட்டுத் தரவேண்டும் என்னும் பிரிட்டிஷ் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சித்தாந்தி சிங்கப்பூர் மேலாளரின் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு, இதெல்லாம் முதலாளியின் பைக்குத்தான் போகும், உழைப்பவரைச் சுரண்டும் ஏற்பாட்டுக்குத் தாம் துணைபோக முடியாது என்று அறிவித்து, உழைப்பவருக்குச் சேரவேண்டிய தொகையை உழைப்பவர் கையாலேயே நீக்கச் செய்கிறார்.

பாரிஸில் மட்டும் அவர் சொல்வது சரி. பிரான்சில் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். மீதிச் சில்லறையை மேசையில் விட்டுவருவதும் விடாததும் அவரவர் விருப்பம். கோட்பாடு முழுமையாகச் செல்லுபடியாகும் அந்த நகரில் எதிர்வாதம் செய்ய ஆள் கிடைக்காமல் அவர் சோர்ந்துபோகிறார். சாப்பாடே சரியில்லை என்கிறார்.

ஜப்பான் அவருடைய புண்ணியத்தலம். அங்கே உணவகத்திலோ டாக்சியிலோ டிப்ஸ் வாங்குவதில்லை. மேசையில் பணம் இருந்தால், வாடிக்கையாளர் மறந்துவிட்டார் என்று கருதி ஊழியர் தெருவரைக்கும் ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார். இந்தச் செய்தியை முன்கூட்டியே படித்தறிந்த சித்தாந்தி, வாழ்நாளில் முதன்முறையாக, யாரும் கேட்காமல், முகமலர்ச்சியோடு 100 யென் நாணயம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு எழுகிறார். மெதுவாக நடக்கிறார். வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறார். நாணயம் ஓடிவந்து அவர் கையில் சேர்ந்ததும், கண் கலங்காத குறையாக, நாடு என்றால் இதுவல்லவா நாடு என்று உடன் வந்தோரிடம் கூறுகிறார். பின்னர் வரும் ஆண்டுகளில், டிப்ஸ் தருவதில்லை என்று எவராவது குறைகூறினால், ஜப்பானில் தாம் தந்ததையும் அது மறுக்கப்பட்டதையும் சாட்சியங்களோடு நிறுவுகிறார். ரியோகான் எனப்படும் மரபுவழி விடுதிகளில், விருந்தினர் தம்மைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்குச் சிறு காகித உறையில் இட்டுப் பணம் கொடுக்கும் பழைய வழக்கம் ஒன்று ஜப்பானிலேயே உண்டு என்பது மட்டும் அவருடைய ஆய்வுக்கு உட்படவில்லை.

எகிப்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கழிப்பறை வாசலில் துடைதாள் நீட்டுபவர் முதல் ஒட்டகத்தைப் பிடித்து நிற்பவர் வரை ஒவ்வொருவரும் சில்லறை எதிர்பார்க்கும் அந்நாட்டில் அவர் பேருந்தை விட்டு இறங்குவதே குறைவு.

பயணிகள் கப்பலில் அவருடைய தொண்டு வேறு வடிவம் கொள்கிறது. கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலானவை, ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று டிப்ஸ் தொகையைப் பயணியின் கணக்கில் தாமாகவே எழுதிவிடுகின்றன. வேண்டாம் என்பவர் விருந்தினர் சேவை முகப்புக்குச் சென்று எழுதிக்கொடுத்து நீக்கிக்கொள்ளப் பல கப்பல்களில் வழியுண்டு. முதல்நாள் மாலை, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் காட்சியைக் காண அனைவரும் மேல்தளத்துக்கு ஏறும் நேரத்தில், அந்த முகப்பில் வரிசையின் முதல் ஆளாக நிற்பவர் இவரே. இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ மாதக்கணக்கில் ஒப்பந்தமாகி வந்து, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் உழைக்கும் அறைப் பணியாளர், அன்றிரவு குளியல் துண்டை யானையாக மடித்துக் கட்டிலில் உட்கார்த்தி வைத்துவிட்டுப் போகிறார். சித்தாந்தி அந்த யானையை நான்கு கோணங்களில் படமெடுத்து, சேவை என்றால் இதுதான் என்னும் வாசகத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். மறுநாள் குரங்கு வருகிறது. அதுவும் குழுவில் ஏறுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவர் ஈரமற்றவர் அல்லர் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். முழங்கால் வலியோடு அறுபத்தெட்டு வயதில் இருபத்துமூன்று கிலோ பெட்டியைத் தாமே மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்கிறார். பெட்டி தூக்க வருபவரை வேலையும் வாங்கிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது அவருக்குப் பாவமாகப் படுகிறது. விடுதி அறையைக் காலிசெய்யும் காலையில் போர்வையை மடித்து, குப்பையை முடிச்சிட்டு, குளியலறைத் தரையைத் துடைத்துவிட்டே வெளியேறுகிறார். ஐரோப்பியச் சுற்றுலாவில், நாலரை மணி நேரம் ஓட்டியபின் முக்கால் மணி நேரம் கட்டாய ஓய்வெடுக்க வேண்டிய பேருந்து ஓட்டுநரின் அருகில் போய் அமர்பவரும், அவருக்கு எத்தனை குழந்தைகள், என்ன படிக்கிறார்கள் என்று சைகையிலேயே விசாரிப்பவரும், ஊரிலிருந்து கொண்டுவந்த கைமுறுக்கில் பாதியை அவர் மடியில் கொட்டுபவரும் குழுவில் இவர் ஒருவரே. பில் தட்டில் சோம்புக்கு நடுவே பத்துப் பைசாவை விட்டுவைத்தால் சர்வர் சலாம் வைத்த காலத்தில் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழித்துப் பழகிய மனிதர் அவர். இருபது டாலரைக் கண்ணால் பார்க்கும்போது அது அவருக்கு ஆயிரத்தெழுநூறு ரூபாய்க்கு மேலாகவே தெரிகிறது. பண்டம் கொடுப்பது அன்பு, பணம் கொடுப்பது அகங்காரம் என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். கடைசி நாளன்று ஓட்டுநருக்காக ஆளுக்கு நாளொன்றுக்கு 2 யூரோ வீதம் உறை சுற்றி வரும்போது, முறுக்கைச் சுட்டிக்காட்டி உறையைப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்துவதும் அந்த நம்பிக்கையின் பாற்பட்டதே.

அமெரிக்காவில் இந்தப் பரிவுக்கு இடமில்லாமல் போகிறது. மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திறங்கும் சித்தாந்தி, விமானத்திலேயே அந்நாட்டு டிப்ஸ் வரலாற்றைக் கற்றுத் தேர்ந்துவிடுகிறார். உள்நாட்டுப் போருக்குப்பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தி, மிச்சத்தைப் பயணிகளிடம் பெற்றுக்கொள்ளுமாறு விட்ட ஜார்ஜ் புல்மனின் இரயில் பெட்டி நிறுவனத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். அதன் பணியாளர்கள் 1925-இல் சங்கம் அமைத்ததும், ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-இல் ஒப்பந்தம் பெற்றதும் தெரியும். வாஷிங்டன் மாநிலம் 1909-இல் டிப்ஸையே சட்டத்தால் தடைசெய்து பார்த்தது என்பதும் தெரியும். இவை அனைத்தும் உண்மை. இவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவு, டிப்ஸ் என்பது அடிமை முறையின் எச்சம், ஆகவே டெக்ஸாஸில் தமக்குத் தோசை பரிமாறிய மாணவிக்கு எதுவும் தரலாகாது என்பதாகும்.

ஆறு பேருக்கு மேற்பட்ட கூட்டத்தின் பில்லில் பல உணவகங்கள் 18 விழுக்காட்டைத் தாமே சேர்த்துவிடும் என்பதை அறிந்த நாள்முதல், ஒன்பது பேர் கொண்ட குடும்பத்தை ஐவர், நால்வர் என இரண்டு மேசைகளில் அமர்த்தி, பேரக் குழந்தைகள் குறுக்கே ஓடுவதையும் கண்டிக்கிறார். காப்பிக் கடையில் பணம் வாங்குபவர் கணினித் திரையைத் திருப்பி 18, 20, 25 என்று கேட்கும்போது அவர் விரல் மட்டும் நடுங்குவதே இல்லை.

இந்த இடத்தில் நகைப்பை நிறுத்திவிட்டுக் கணக்கைப் பார்ப்பதே முறை. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் இந்த ஏற்பாட்டை ஏற்காமல் முழுக் கூலியையும் முதலாளியே தரச் செய்திருக்கின்றன. டெக்ஸாஸில் இன்றும் அதே 2.13 தான். டிப்ஸ் சேர்ந்தும் மணிக்கு 7.25 டாலர் தேறாவிட்டால் குறையை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்னும் விதியைச் சித்தாந்தி வெற்றிக்கொடியாகப் பிடித்து வருகிறார். அந்த ஈடு வாரக் கணக்கில் பார்க்கப்படுவது. வாரம் முழுவதும் மற்ற மேசைக்காரர்கள் தந்ததன் சராசரி 7.25-ஐத் தாண்டிவிட்டால், இவர் மேசையில் விழுந்த பூச்சியத்துக்கு முதலாளி எதுவும் தரவேண்டியதில்லை, நட்டம் முழுவதும் சர்வருடையது. இன்னொன்றும் உண்டு. மேசை துடைப்பவர், பானம் கலப்பவர் ஆகியோருக்குச் சர்வர் தம் டிப்ஸிலிருந்து ஒரு பங்கைக் கொடுக்கவேண்டும்; பல உணவகங்களில் அந்தப் பங்கு, வாங்கிய டிப்ஸின்மேல் அன்றி, விற்பனைத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது. பங்கு 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 200 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வைக்காமல் எழும் சித்தாந்தியின் பொருட்டு அந்த மாணவி 6 டாலரைத் தம் பங்கிலிருந்து இழக்கிறார். அமெரிக்க ஏற்பாடு அநியாயமானது என்று அவர் சொல்வதில் தவறில்லை. அந்த அநியாயத்தை எதிர்க்க அவர் தேர்ந்தெடுத்த போர்க்களத்தில் முதலாளி ஒருவரும் இல்லை என்பதே குறை. வீழ்த்தப்படுபவர் ஒவ்வொரு முறையும் தட்டை ஏந்தி நிற்பவராகவே இருக்கிறார். ஓட்டலில் சாப்பிடாமல் வீட்டிலேயே இரசம் வைத்துக் குடித்திருந்தால் அது நேர்மையான எதிர்ப்பாக இருந்திருக்கும்.

குடும்பத்தினர் இதற்குக் கண்டுபிடித்த பரிகாரங்கள் பெரும்பாலும் தோல்வியில் முடிகின்றன. மருமகன், மாமனார் அறியாதவாறு நாற்பது டாலரைத் தட்டின் அடியில் செருகிவிட்டு முன்னால் நடந்தால், கடைசியாக எழும் சித்தாந்தி மேசையை ஒருமுறை நோட்டமிடாமல் வருவதில்லை, காரில் ஏறியதும், "என்ன மாப்பிள்ளை, தட்டுக்கு அடியில பணத்த மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களே!" என்று நீட்டுகிறார். வழியனுப்பும் நாள்வரை அது மருமகனின் கவனக்குறைவுக்கு உதாரணமாகச் சம்பந்தி வீடு வரை பேசப்படுகிறது.

ஆகவே, இவரை அழைத்துக்கொண்டு வெளிநாட்டில் உணவகம் செல்வோர் டிப்ஸை எக்காரணம் கொண்டும் மேசையில் வைக்க வேண்டாம். அட்டையில் பணம் செலுத்துவோர் பில் தாளிலேயே தொகையை எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம். ரொக்கமாகத் தருவோர், அவர் வாசலில் செருப்புக்கும் குடைக்கும் இடையே திணறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, சர்வரின் கையிலேயே நேராகக் கொடுத்துவிடவும்.