ஓப்பனிங் வீடியோ அக்கா

ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஓர் ஓப்பனிங் வீடியோ அக்கா இருக்கிறார். வெளியில் பார்த்தால் தனியார் பள்ளி டீச்சர், கூட்டுறவு வங்கி கேஷியர், அல்லது சும்மா நம் மாடி வீட்டுக்காரர். வாட்ஸ்அப்பில் மட்டும் அவர் ஒரு முழு ஜவுளிக்கடை. குரூப்பின் பெயர் குலதெய்வத்தில் தொடங்கி ‘கலெக்‌ஷன்ஸ்’ என்று முடியும். காலையில் கண் விழித்துப் போனை எடுத்தால், நாற்பது சேலைகள் அதில் காய்ந்துகொண்டிருக்கும்.

படங்களுக்குக் கீழே அவர் போடும் வாசகங்கள் தேனாக ஆரம்பிக்கும். “சிங்கிள் பீஸ் மட்டும்தான் சிஸ், சீக்கிரம் புக் பண்ணுங்க.” “ஜிபே பண்ணிட்டு ஸ்க்ரீன்ஷாட் போடுங்க டியர்.” அதற்கு அடுத்த வரியிலேயே குரல் மாறிவிடும். “நோ ரிட்டர்ன். நோ ரீஃபண்ட். டேமேஜ் இருந்தா மட்டும் எக்ஸ்சேஞ்ச். ஓப்பனிங் வீடியோ கட்டாயம். பாஸ் பண்ணக்கூடாது, கட் பண்ணக்கூடாது. லைட்டிங்ல கலர் கொஞ்சம் மாறும்.” இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கேட்டால், மயில்கழுத்து நிறத்துக்குப் பணம் கட்டியவர் வீட்டில் பாசிப்பச்சை வந்து இறங்கும் அளவு.

பார்சலைப் பிரிக்கும் அந்த வீடியோவை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் உண்டு. பார்சலின் நாலு பக்கமும் தெரிய வேண்டும். முகவரி ஒட்டிய லேபிளைப் படிக்கும்படி காட்ட வேண்டும். கவர் எங்கும் கிழியவில்லை, டேப் பிரிக்கப்படவில்லை என்று காட்டிய பிறகே கத்தரிக்கோல் உள்ளே வரலாம். சேலையை முந்தானையிலிருந்து பிளவுஸ் வரை இரண்டு பக்கமும் விரித்துக் காட்ட வேண்டும். சம்பவ இடத்தில் போலீசார் எழுதும் மகஜரில்கூட இவ்வளவு விவரம் கேட்பதில்லை.

சேலை ஐந்தரை மீட்டர். கூடவே பிளவுஸ் துணி 80 சென்டிமீட்டர். ஆறு மீட்டருக்கு மேல் நீளும் அந்தத் துணியை ஒரே ஷாட்டில் காட்ட வேண்டும். போன் ஒரு கையில், கத்தரிக்கோல் மறு கையில் என்றால், பிரிப்பதற்கு மூன்றாவது கை வேண்டும். ஆகவே கணவர் ஒளிப்பதிவாளர் ஆகிறார். அவர் பாதி நேரம் மின்விசிறியைப் படம் பிடிப்பார், மீதி நேரம் தன் கட்டை விரலை. ஜரிகையில் நூல் பிரிந்திருக்கும் இடம் வரும்போது சரியாக அவருக்கு ஆபீசிலிருந்து போன் வரும். அதோடு வீடியோ ‘பாஸ்’ ஆகிவிட்டது, எக்ஸ்சேஞ்சும் போயிற்று.

ஒரு வீட்டில் எல்லாமே சரியாக நடந்தது. லேபிள் பளிச்சென்று தெரிந்தது, டேப் முழுசாக இருந்தது, முந்தானைக்குப் பக்கத்தில் விரல் நுழையும் ஓட்டையும் அழகாகப் பதிவானது. அப்போது பார்த்து மாமியார் ஃப்ரேமுக்குள் வந்து, “இது என்ன விலைம்மா?” என்று கேட்டார். மருமகள் கொஞ்சமும் தயங்காமல், “அறுநூறுதான் அத்தை, ஆஃபர்ல போட்டிருந்தாங்க” என்றார். அக்காவிடமிருந்து பதில் வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “சிஸ், உங்களுக்குப் போனது 1,850 ரூபாய் சேலை. வீடியோவில் அறுநூறுன்னு சொல்றீங்களே, இது வேற யார்கிட்டயோ வாங்கின சேலையா?” மாமியாரை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்றால், கட் பண்ணிய வீடியோ செல்லாது.

அக்காவைத் திட்டிவிடலாம்தான். ஆனால் அவரை இப்படி ஆக்கியவர்களும் நம் ஜனங்களே. வளைகாப்புக்குக் கட்டிக்கொண்டு போய், சந்தனமும் பன்னீரும் மணக்கிற சேலையை மடித்து, “கலர் பிடிக்கலை” என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. புதுச்சேலையை பீரோவில் வைத்துக்கொண்டு போன தீபாவளிச் சேலையை கவரில் போட்டு அனுப்பியவர்களும் உண்டு. முன்பெல்லாம் ஒரு போட்டோ போதும் என்றுதான் அவர் இருந்தார். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் நல்ல சேலையிலும் ஓட்டை போட்டுத் தருகிறது, ஊசிகூட வேண்டாம். அக்காவும் அதற்கேற்பத் தேறிவிட்டார். “ஜூம் பண்ணிப் பார்த்தேன் சிஸ், அந்த ஓட்டைக்குப் பக்கத்துல உங்க வீட்டு டைல்ஸ் கோடு வளையுது” என்பார். தடய அறிவியல் துறை இவரை இன்னும் கவனிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, பல அக்காக்கள் தாங்கள் விற்கும் சேலையைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலோ சூரத்திலோ இருக்கிற மொத்த வியாபாரி படம் அனுப்புகிறார். அக்கா விலையில் முந்நூறு ரூபாய் சேர்த்து அதை நமக்கு அனுப்புகிறார். நாம் கட்டும் பணத்தில் தன் முந்நூறை எடுத்துக்கொண்டு மீதியை அங்கே அனுப்ப, பார்சல் அங்கிருந்தே நேராக நம் வீட்டுக்கு வருகிறது. நாம் எடுத்த வீடியோவை அவர் அந்த வியாபாரிக்கு அனுப்புவார். அந்த வியாபாரியும் அதே ‘பாஸ் பண்ணாம, கட் பண்ணாம’ சட்டத்தைத்தான் அக்காவுக்குப் போட்டிருக்கிறார். விற்கும் பக்கத்திலிருந்து வரும் படத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனையும் கிடையாது. அதில் வெயில் அடிக்கலாம், ஃபில்டர் இருக்கலாம், சேலைக்குள் ஒரு நடிகையே நிற்கலாம்.

சாட்சி கேட்டுக் கேட்டு, அந்தப் பழக்கம் அக்காவுக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு இட்லிப் பாத்திரம் இரவல் கொடுத்தால், கொடுக்கும்போது ஒரு படம், திரும்பும்போது ஒரு படம். மொய்க் கவர்களைப் பிரித்து எண்ணுவதும் ஒரே ஷாட்டில்தான். மகன் டிபன் பாக்ஸைக் காலியாகக் கொண்டுவந்தால், “நீதான் சாப்பிட்டேங்கிறதுக்கு என்ன ப்ரூஃப்?” என்று கேட்கிறார்.

இரக்கம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வீடியோ எடுக்க மறந்த பெண் தழுதழுத்த குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் அக்கா உருகிவிடுவார். “இந்த ஒரு தடவை மட்டும் மாத்தித் தரேன் சிஸ், வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” இதை அவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். வீடியோ இல்லாததால் மாற்றுச் சேலையின் விலையும் கூரியர் செலவும் அவர் தலையிலேயே விழும்.

அப்படிப்பட்ட அக்கா ஆடித் தள்ளுபடியில் ஒரு பெரிய ஆன்லைன் கடையில் மிக்ஸி வாங்கினார். பெட்டியில் மூன்று ஜார் என்று போட்டிருந்தது, உள்ளே இரண்டுதான் இருந்தன. அக்கா கலங்கவில்லை. லேபிள், டேப், நாலு பக்கம் என்று இலக்கணம் பிசகாத ஓப்பனிங் வீடியோ கைவசம் இருந்தது. ஆனால் அந்தக் கடையின் செயலி வீடியோவை ஏற்கவில்லை, போட்டோ மட்டும் கேட்டது. பெட்டியின் படம், இரண்டு ஜார்களின் படம் எல்லாம் போனபின் பதில் வந்தது: குறையுள்ள பொருளின் தெளிவான படத்தை அனுப்பவும். வராத ஜாரை எந்தக் கோணத்தில் எடுப்பது? இரண்டு ஜார்களையும் நிற்க வைத்து, மூன்றாவதற்கு இடம் விட்டு, அந்த வெற்றிடத்தை ஃபோகஸ் செய்து அக்கா அனுப்பினார். படம் தெளிவாக இல்லை என்று அதுவும் திரும்பி வந்தது.

அன்றைக்குத்தான் அக்கா சட்டம் படித்தார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019; நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. விற்ற பொருள் குறையுள்ளது என்றால், பில்லில் போட்டிருக்கும் காலக்கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள், அதைத் திரும்ப வாங்கிப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பில் தராமல் விற்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓப்பனிங் வீடியோ இருந்தால்தான் இந்த உரிமை என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. இத்தனையையும் அக்கா கஸ்டமர் கேரில் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். தன்னுடைய குரூப்பில் மட்டும் அவர் இதைப் போடவில்லை. அங்கே பில்லும் இதுவரை யாருக்கும் போனதில்லை.

உங்கள் சேலையில் ஓட்டை இருந்து, வீடியோ இல்லை என்று அக்கா கையை விரித்தால், குரூப்பில் சண்டை போடாதீர்கள்; எடுத்து வைத்த படம், ஜிபே ரசீது, அவர் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். எண் மறந்துபோனால் அக்காவையே கேளுங்கள், ஜார் விஷயமாக அவர் ஏற்கெனவே பேசியிருக்கிறார்.